பட்டியலில் ஆறாவது பெயர்

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலயத்தின் பக்கத்து அறையில் கூடியவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, போதகர். அவருக்கு வலப்புறம், கதவை ஒட்டி, மருந்துக்கடைக்காரர். கடையிலிருந்து போன் வந்தால் எழுந்து போக அந்த இடம்தான் அவருக்கு வசதி. இடப்புறம், சபையின் நேரடி ஒளிபரப்பைக் கவனிக்கும் அம்மாள். பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்ப்பவர், ஆனால் சபையில் எல்லோருக்கும் அவர் கேமராக்காரம்மாதான். போதகருக்கு எதிரே, குறிப்பேட்டுடன் நான். இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர்.

ஐந்தாவது நாற்காலி காலி. அது வீட்டுச் சந்திப்புப் பொறுப்பாளருக்கு உரியது. அந்த அம்மாள் மகனோடு வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வேறு யாரும் முன்வரவில்லை. நாற்காலியின் மேல் பழைய பாட்டுப் புத்தகக் கட்டு ஒன்று இருந்தது.

மூன்றாவது பொருள், வந்த கடிதங்கள். ஒன்றே ஒன்று வந்திருந்தது. பஸ் நிலையத்துக்கு அப்பால் குடியிருக்கும் தையற்காரர் அன்று காலை ஒரு பையனிடம் கொடுத்தனுப்பியது. நான் வாசித்தேன்.

“ஐயா, நேற்று ஆராதனை நடுவில் படம் நின்றுவிட்டது. வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் என் மனைவியின் பெயர் மட்டும் கேட்டது. பிறகு சொன்னது கேட்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.”

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். “பொண்டாட்டி எப்படி இருக்கான்னு நம்மளைக் கேக்கறாரா? ஒரே வீட்லதானே இருக்காங்க? என்ன, பேச்சுவார்த்தை இல்லையா?”

“வயசாயிடுச்சு. மறதியா இருக்கும்” என்றார் போதகர். கண்ணைக் கசக்கிக்கொண்டார். அன்று காலையில் இரண்டாவது சபையில் ஒரு அடக்கம், மதியம் மூன்றாவது சபையில் ஒரு தகராறு. மூன்று சபைக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். எங்கள் முறை மூன்று ஞாயிற்றுக்கு ஒருமுறை வரும். மற்ற ஞாயிறுகளில் அவர் திரையில் வருவார்.

“இல்லயே, ஒரு நிமிஷம்” என்றார் மருந்துக்கடைக்காரர். சிரிப்பு போய்விட்டது. “அந்தம்மாவோட மாத்திரை நம்ம கடையிலதான் போயிட்டிருந்தது. அவர் வந்து ரொம்ப நாளாச்சே.” கைப்பேசியில் எதையோ தேடினார். “பதினோரு மாசம். அந்தப் பக்கம் வேற கடையே கிடையாது.”

 அலமாரியில், யாரும் எடுக்காவிட்டால் பேசுவதைப் பதிவுசெய்து வைக்கும் பழைய மேசைத் தொலைபேசி இருந்தது. போதகருக்கு மூன்று சபை ஆனதிலிருந்து எல்லோரும் அவர் கைப்பேசிக்கே அழைக்கிறார்கள். ஆனால் வாராந்தரத் தாளில் இன்றும் அச்சாகி வருவது அந்தப் பழைய எண்தான். அதன் மேலட்டை மொத்தமாக அச்சடித்து வைத்தது, தீர்ந்ததும் மாற்றலாம் என்று இருந்தேன். தொலைபேசியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக மின்னுகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அறைக்கு அது கடிகாரம் போலப் பழகிவிட்டது.

கேமராக்காரம்மா எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். முதலில் இன்சூரன்ஸ் ஆள். பிறகு கல்யாணத்துக்கு ஆலயம் கிடைக்குமா என்று ஒரு பெண். தவறான எண்கள், வெறும் மூச்சு. பத்தொன்பதாவதாக அந்தக் குரல்.

“பாஸ்டர்… நான் டெய்லர் பேசறேன். காலையில அஞ்சு மணிக்கு தவறிட்டா. நாளைக்கு பத்து மணிக்கு எடுக்கறோம். யாராவது ஒருத்தர் வந்து ஜெபம் பண்ணா போதும். ஒருத்தர் வந்தா போதும் பாஸ்டர்.”  பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். “சரி. வெச்சிடறேன்.”

தேதியைத் தொலைபேசியே ஒரு பெண் குரலில் சொன்னது. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கை பழக்கத்தில் எழுதியது.

“நாப்பத்தேழு ஞாயிறு” என்றார் கேமராக்காரம்மா. “நாப்பத்தேழு ஞாயிறு அந்தம்மா குணமாகணும்னு ஜெபம் பண்ணியிருக்கோம். அவர் ஒவ்வொரு வாரமும் பாத்துட்டிருந்தார் அண்ணா. எனக்குத் தெரியும், மொதல் ஆளா அவர் வீட்டு லைன்தான் வரும். கடைசியா போறதும் அதுதான்.”

ஒரு வீட்டிலிருந்து ஒரு திரை திறந்தால் இரண்டு பேர் வந்ததாகக் கணக்கு. தலைமை அலுவலகத்தின் மாதப் படிவம் அப்படித்தான் கேட்கிறது. வீட்டுச் சந்திப்பு என்ற கட்டத்திலும் அந்த எண்ணையே போடலாம் என்று போன வருடம் சுற்றறிக்கை வந்தது. ஆகவே தையற்காரரின் மனைவியும் நாற்பத்தேழு ஞாயிறு ஆராதனைக்கு வந்திருக்கிறார். அந்தப் படிவங்களில் என் கையெழுத்து இருக்கிறது.

“ஆனா ஒண்ணு” என்றார் மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து. “நிலைமைன்னு வாராவாரம் ஏதோ வாசிப்பீங்களே. ராத்திரி நல்லா தூங்கினாங்க, அது இதுன்னு. அதெல்லாம் யார் சொன்னது உங்களுக்கு?”

“சொல்லிட்டிருந்தாங்க” என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. ஓசைப்படாமல் பெயரை எடுத்துவிடலாம், பழைய ஒளிப்பதிவுகளையும் அழித்துவிடலாம் என்றார். “யாராவது வெட்டி ஒட்டி வெளில போட்டாங்கன்னா நம்ம பேரு நாறிடும். செத்தவங்களுக்கு சுகம் கேட்ட சபைன்னு சிரிப்பாங்க.” கேமராக்காரம்மா, “அழிச்சா? அவர் மனசுல இருக்கறத எப்படி அழிப்பீங்க?” என்றார். 

“நான் போயிருக்கணும்” என்றார் போதகர். “நானூத்திப் பத்து வீடு. ஒரு வீட்டுல காலிங்பெல் அடிக்கும்போதே அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னு போன் வருது. இது சாக்கு இல்ல. சும்மா சொல்றேன்.” பிறகு என்னிடம், “மரியாதையா ஒரு கடிதம் எழுதுங்க. பதிவுல நேர்ந்த பிழைன்னு. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

அப்படியே முடிவானது.

நடந்ததை இங்கே வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஜெபக் குறிப்புப் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். மூன்று பத்திகள்: எண், பெயர், நிலை. முன்பு சந்திப்புப் பொறுப்பாளர் சனிக்கிழமை வந்து நிலையைச் சொல்வார், நான் எழுதுவேன். அவர் போன பிறகு பதினொரு பெயருக்கு எனக்குச் சிரமம் இல்லை. அந்தந்த வீட்டில் யாராவது ஒருவர் ஆலயத்துக்கு வருவார்கள், வாசலில் நிறுத்திக் கேட்டுக்கொள்வேன். ஆறாவது பெயருக்கு மட்டும் யாரும் வரவில்லை. அந்த அம்மாள் படுத்ததிலிருந்து கணவனும் மனைவியும் வீட்டிலிருந்தே திரையில் பார்த்துவந்தார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். விடை தப்பாக இருந்தால் விட்டுவிடுவார். கட்டம் காலியாக இருந்தால் புறங்கையில் அடிப்பார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. என் கை அப்படிப் பழகியது, அவ்வளவுதான். முதல் சனிக்கிழமை “அப்படியே இருக்கிறார்” என்று எழுதினேன். இரண்டாவது சனிக்கிழமையும் அதையே எழுதினேன். மூன்றாவது வாரம், ஒரே சொல்லைக் கேட்டுக்கேட்டு சபை மக்கள் கண்ணை மூடிக்கொண்டே வேறு எதையோ நினைப்பார்களே என்று தோன்றியது. “ஜன்னலோரம் சற்று நேரம் உட்கார்ந்தார்” என்று எழுதினேன். வியாதிக்காரர்கள் ஜன்னலோரம் உட்காருவது உண்டுதானே. மறுவாரம், “வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.” பிறகு, “இரண்டு தலையணை வைத்தால் மூச்சு எளிதாகிறது.” பிறகு, “பழைய நீலச் சால்வையைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டார்.” அந்தச் சால்வையில் ஒருகாலத்தில் அவரை ஆலயத்தில் பார்த்திருக்கிறேன். போன மாதம், “ஊன்றுகோலோடு நாலு அடி நடந்தார்.”

நடக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் திரையில் பார்ப்பவர்கள் பாதிப்பேர் அணைத்துவிடுகிறார்கள் என்று கேமராக்காரம்மா கணக்குக் காட்டினார். பட்டியலைப் பத்துப் பெயராகக் குறைக்கச் சொன்னார்கள். ஆறாவது பெயரை நாலைந்து ஞாயிறில் குணமாக்கி எடுத்துவிடலாம் என்று நான் திட்டம் வைத்திருந்தேன். படம் நின்றுபோன ஞாயிறு வாசித்த வரி இது: “விரைவில் ஆலயத்துக்கு வர ஆசைப்படுகிறார்.”

செவ்வாய்க்கிழமை முழுவதும் கடிதம் எழுத வரவில்லை. “பதிவில் நேர்ந்த பிழை காரணமாக” என்று தொடங்கி ஏழு தாள் கிழித்தேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். குப்பைக்கூடையைப் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதித் தர்ற ஆளுக்கு என்ன இன்னிக்கு?”

சொன்னேன். தொலைபேசியில் கேட்டதை மட்டும். கட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

“அந்த வீடு இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?”

“பஸ்ல இருபது நிமிஷம்.”

“இருபது நிமிஷம்” என்றாள்.  ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை மூன்று மணிக்குப் போனேன். மாடி வீடு. இரும்புப் படி. மேலேறும்போதே தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரர் வந்து திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“செக்ரட்டரி சார்! நேர்லயே வந்துட்டீங்களா? லெட்டர் போட்டா போதும்னுதானே எழுதினேன். வாங்க வாங்க. செருப்போடயே வாங்க, துண்டுத்துணியா கெடக்கு, ஊசி இருந்தாலும் இருக்கும்.”

முன்னறையில் இயந்திரம், இஸ்திரி மேசை, பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உள்ளறையின் கதவு திறந்திருந்தது. பார்த்துவிட்டேன்.

அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் கனத்த திரை, இரட்டை மடிப்பு, நேர்த்தியான தையல். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று எழுதியிருந்தேன். திரைக்கு முன்னால், ஓரமாக, ஒரு நாற்காலி. அதன் முதுகில் நீலச் சால்வை நாலாக மடித்துப் போட்டிருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை, ஒன்றின் மேல் ஒன்று. கட்டில் காலில் ஒரு ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அதன் பிடியில் கடையில் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் கிழிக்காமல் இருந்தது.

என் வாக்கியங்களுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. 

“உக்காருங்க சார். முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? படி ஏறினது மூச்சு வாங்குதா?”

“அண்ணே, நாங்க திங்கக்கெழமைதான் அந்த பழைய போன்ல…”

“தெரியும்” என்றார். “நான் பண்ணினது. யாரும் எடுக்கலன்னதும் மெஷின்ல சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், துணிக்கடைக்காரர் வந்தார். குழி வெட்டினவரே தொப்பியைக் கழட்டிட்டு நின்னார். நான்தான் ஜெபம் பண்ணினேன். எனக்கு அவ்வளவா வராது.” அளவு நாடாவைக் கையில் சுற்றிச்சுற்றி அவிழ்த்தார். “அந்த ஞாயித்துக்கெழம போனத் தொறந்து வெச்சேன். சும்மா, பழக்கம். நீங்க அவ பேரைச் சொல்லி, ஜன்னலோரம் உக்காந்தாங்கன்னீங்க. எனக்கு வந்த கோவத்துக்கு போனத் தூக்கிப் போட்டிருப்பேன். மண்ணு போட்ட கை இன்னும் வலிக்குது, இவங்க ஜன்னல்ங்கறாங்களேன்னு.”

“அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். சரி, அடுத்த வாரம் என்னதான் சொல்றாங்க பாப்போம்னு விட்டேன். அடுத்த வாரம், கண்ணு கூசுதுன்னீங்க.” என்னை நேராகப் பார்த்தார். “அவளுக்கு நெஜமாவே கூசும் சார். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

 சொல்ல வந்தேன், வாய் வரைக்கும் வந்தது.

“அப்புறம் அது ஒரு மாதிரி ஆயிடுச்சு” என்றார். “திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நான் சொன்னா அவ செத்துட்டா. ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் ஊரே சேர்ந்து இல்லங்குது. எது வேணும்னு நெனப்பேன்?” சிரித்தார். “பைத்தியம்னு நெனக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும். துணிய அளந்து வெட்டறவன் நான், தப்பா வெட்டினா யாருக்கு நஷ்டம்? போன வாரம் என்ன சொன்னீங்க, அத மட்டும் சொல்லுங்க. பேருக்கு அப்புறம் நின்னுபோச்சு. ஞாயித்துக்கெழமேலேர்ந்து தூக்கமில்ல.”

“ஆலயத்துக்கு வர ஆசைப்படறாங்கன்னு…”

அவர் கை நின்றது. அளவு நாடா மடியில் விழுந்தது. உள்ளறையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஊன்றுகோலைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நடக்க வெச்சப்பவே நெனச்சேன்” என்றார் மெதுவாக. “கொணமாயிட்டா பேர எடுத்துடுவீங்க இல்ல?”

“ஆமா.”

“வேணாம் சார்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார், உள்ளே யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “அவ்வளவு சீக்கிரம் வேணாம். கொஞ்சம் மெதுவாவே தேறட்டும். நடுவுல காய்ச்சல் வந்துதுன்னு ஒரு வாரம் போடலாமே? உங்க கையிலதானே இருக்கு. நீங்க எழுதறதுதானே?”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. குழுவில் யாரும் கண்டுபிடிக்காததை இந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார், அதன் பிறகும் காத்திருந்திருக்கிறார். நான் “பாக்கறேன் அண்ணே” என்றேன். அதைத்தான் சொன்னேன். இரும்புப் படியில் இறங்கும்போது மேலே இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கீழ்ப்படிக்கு வரும்வரை நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். குழு சொன்ன கடிதம் அல்ல.

“அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் இறந்துவிட்டார். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணிக்கு. நீங்கள் அன்றைக்கே எங்களுக்குச் சொன்னீர்கள். நாங்கள் கேட்கவில்லை.

அதன் பிறகு நாற்பத்தேழு ஞாயிறு அவரைப் பற்றி வாசித்ததை எல்லாம் எழுதியவன் நான். யாரும் எனக்குச் சொல்லவில்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன். அவருக்குக் கண் கூசும் என்று எனக்குத் தெரியாது. நேற்று உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மெதுவாகத் தேறட்டும் என்றீர்கள். இன்னொரு வாரம் என்னால் எழுதவும் முடியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த ஞாயிறும் பட்டியலை நான்தான் வாசிப்பேன். ஆறாவது இடத்தில் அவர் பெயரையும், அவர் இறந்த நாளையும், அடக்கத்துக்குச் சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதையும், பிறகு நான் செய்ததையும் வாசிப்பேன். அதைக் கேட்க வேண்டாம் என்று தோன்றினால் அன்று திரையைத் திறக்காதீர்கள்.

ஒருவர் வந்தால் போதும் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிறு மூன்று மணிக்கு நான் வருகிறேன். இடம் எனக்குத் தெரியாது. நீங்கள்தான் காட்ட வேண்டும்.”

உறை மேல் முகவரி எழுதிவிட்டுப் போதகருக்குப் போன் செய்தேன். அவர் காரில் இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கட்டம் நிரப்பியதை அவர் அப்போதுதான் கேட்கிறார். வண்டியை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

“குழு ஒத்துக்காது” என்றார்.

“தெரியும் பாஸ்டர்.”

“இதுக்கப்புறம் உங்கள செயலாளரா வெச்சிருக்க முடியாது.”

“அதுவும் தெரியும்.”

போனில் வண்டிகள் போகும் சத்தம் வந்தது. 

“உறைய ஒட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“மூணு மணின்னுதானே எழுதியிருக்கீங்க? ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்னு மாத்துங்க.” சற்று விட்டு, “அன்னிக்கு மூணாவது சபையில பன்னெண்டரைக்கு முடியும். வந்துடுவேன்” என்றார்.

மாற்றினேன். அடித்து எழுதிய கடிதத்தை நான் யாருக்கும் அனுப்பியதில்லை. பிரதி எடுக்காமல் அப்படியே மடித்தேன். மடிக்கும்போது, சனிக்கிழமைப் பட்டியல் பக்கத்தில் விரித்துக் கிடப்பது கண்ணில் பட்டது. ஆறாவது பெயர், அதற்கு நேரே வெறுமையான கட்டம். “இந்த வாரம்” என்று ஒரு வரி தானாகவே உள்ளே ஓட ஆரம்பித்தது. சால்வையை விலக்கினார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பேனாவை மூடி மேசைக்குள் வைத்துவிட்டேன்.

உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டினேன். ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினேன். தெருமுனைத் தபால் பெட்டியில் பத்து மணிக்கு எடுப்பார்கள், சனிக்கிழமை அவர் கையில் இருக்கும். பெட்டியின் வாயில் கடிதத்தைப் பாதி நுழைத்துச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விட்டேன்.